பொடிசு தன் வீட்டாரை வரவழைத்தாள்

எங்கள் தொழிற்சாலையில் பொடிசு என்று கேட்டால் வாசல் காவலாளியே கை காட்டுவார். அந்தப் பெயரை வைத்தது நான்தான். ஆள் என் தோளுக்குக்கூட வரமாட்டாள். வெல்டிங் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு நின்றால் மாஸ்க்குக்குக் கை கால் முளைத்த மாதிரி இருக்கும். "இந்தப் பொடிசா வெல்டர்?" என்று முதல் நாள் நான் முணுமுணுத்தது அவள் காதில் விழுந்துவிட்டது. சண்டைக்கு வருவாள் என்று பார்த்தால், மாஸ்க்கைத் தூக்கிவிட்டு, "ஆமாக்கா, பொடிசுதான். தொட்டி வாய்க்குள்ள நுழையணும்னா நாளைக்கு யாரைக் கூப்பிடுவீங்கன்னு பாக்கறேன்" என்றாள். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. நம் பாஷையில் வாயாட ஓர் ஆள் கிடைத்தாளே என்ற சந்தோஷம் வேறு.

நான் கிரேன் ஓட்டுகிறவள். பால் வைக்க, மருந்து வைக்க என்று வீடு உயரத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டிகள் செய்கிற கொட்டகை எங்களுடையது. கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடும் கிரேனில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பேன். கீழே யார் வேலை செய்கிறார்கள், யார் வேலை செய்வதுபோல நடிக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்ததை உள்ளே வைத்துக்கொள்ளவும் தெரியாது. எங்கள் வீட்டுக்காரர் பேசாத மனுஷர், அவருக்கும் சேர்த்து நானே பேசிவிடுகிறேன். அவர் இந்த நாட்டுக்கு வந்ததே என் விசாவில்தான். ஆகவே அந்த உரிமை எனக்கு உண்டு.

எங்கள் வீட்டில் ஒரு சின்ன அறை சும்மா கிடந்தது. பொடிசு அதற்குக் குடிவந்தாள். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே அடுத்த கட்டிடத்தின் குழாய்கள். அவ்வளவுதான் அறை. வந்த அன்றே கட்டிலைச் சுவரோடு தள்ளிவிட்டுத் தரையை அளந்துகொண்டு நின்றாள். "என்னடி பண்றே?" என்று கேட்டேன். "இங்க இன்னும் ரெண்டு பேர் படுக்க இடம் இருக்கான்னு பாக்கறேன்க்கா" என்றாள். பெட்டியை இன்னும் திறக்கவேயில்லை, அதற்குள் புருஷனுக்கும் மகளுக்கும் பாய் போட்டாயிற்று.

அவளும் அவள் புருஷனும் ஊரில் இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற பட்டறை வைத்திருந்தவர்கள். பட்டறைத் தெருவில் அவள் வெல்டிங் செய்வதை வேடிக்கை பார்க்கவே கூட்டம் நிற்குமாம். "பொம்பளை பத்தவெச்ச கேட்டு நிக்குமா?" என்று கேட்டவரிடம், "நீங்க முட்டிப் பாருங்க, எது உடையுதுன்னு பாப்போம்" என்பாளாம். ஆர்கான் வெல்டிங் என்கிற நுட்பமான வேலையைக் கற்றுக்கொண்டு, ஏஜென்சி வைத்த தேர்வில் ஆண்பிள்ளைகளோடு நின்று தேறி, வெல்டர் விசாவில் வந்தாள். மகளுக்கு அப்போது பேச்சு திருந்தாத வயசு.

விசா வெல்டர் விசாதான். ஆனால் அதில் ஒரு முடிச்சு உண்டு. இங்கே வந்து கம்பெனிப் பரீட்சையிலும் தேறினால்தான் வெல்டர் தரம் நிலைக்கும். தேறாவிட்டால் ஹெல்பர் தரம். வெல்டர் தன் குடும்பத்தைக் கூட்டி வரலாம், ஹெல்பர் கூட்டி வர முடியாது. சட்டம் அவ்வளவு சுருக்கம். பொடிசுக்கு அந்தப் பரீட்சையில் தேறுவது என்றால் மகள் பக்கத்தில் படுத்துத் தூங்குவது. தேறாமல் போவது என்றால் போனில் முகம் பார்ப்பது.

அந்தப் போனும் போகப்போக வேதனையாகிவிட்டது. ஆரம்பத்தில் குழந்தை திரையை நக்கி நக்கி முத்தம் கொடுக்கும். பிறகு, "அம்மாகிட்ட பேசு கண்ணு" என்று அப்பா கெஞ்ச வேண்டிவந்தது. "அப்பறம் பேசறேன்" என்று ஓடிவிடும். பொடிசு சிரித்துக்கொண்டே போனை வைப்பாள். ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "அதுக்கு நான் சலிச்சுப் போயிட்டேன்க்கா." "வாயை மூடு, பெத்தவ யாருக்காவது சலிச்சுப் போவாளா?" என்று அதட்டினேன். வேறு என்ன சொல்ல?

பரீட்சை நாள் வந்தது. இரண்டு குழாய்த் துண்டுகளைச் சேர்த்துச் சாய்வாக மாட்டியிருப்பார்கள். குழாயைத் திருப்பக் கூடாது, ஆள்தான் அதைச் சுற்றி வளைந்து குனிந்து ஒட்ட வேண்டும். பரீட்சை வைக்க வந்தவர் எப்போதும் கழுத்தில் ஒரு லென்ஸைத் தொங்கவிட்டிருப்பார். நாங்கள் அவரைப் பூதக்கண்ணாடி என்போம். அவர் விதிமுறைகளை ஒரே மூச்சில் படித்தார். புரிந்ததோ இல்லையோ, எல்லாவற்றுக்கும் பொடிசு தலையாட்டினாள். இந்த நாட்டுப் பாஷை அவளுக்குப் பாதிதான் பிடிபட்டிருந்தது. தொழிற்சாலையில் பேசியதையெல்லாம் நம் பாஷையில்தான் இங்கே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் மேலே கூண்டில். கையில் அன்றைக்குப் பெரிய வேலை இல்லை, கண்ணெல்லாம் அவள் மேல்தான். அடடா, என்ன வேலை அது! இடது முழங்கால் தரையில், தோள் குழாய்க்கு அடியில், கை மட்டும் கொஞ்சமும் நடுங்காமல் நகர்ந்துகொண்டே போனது. அடுக்கு மேல் அடுக்காகப் போட்டு முடித்தாள். எழுந்து நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "சபாஷ்டி" என்று கூண்டுக்குள்ளேயே கத்தினேன்.

அப்புறம்தான் அவள் கை கிரைண்டிங் மிஷின் பக்கம் போயிற்று.

அந்த மிஷினை மேஜையில் வைத்திருந்தது உள் அடுக்குகளை நடுநடுவே தேய்த்துச் சுத்தம் செய்துகொள்ள. மேல் அடுக்கைத் தொடவே கூடாது. செதில் செதிலாக அடுக்கி வந்திருக்கும் அந்த வரியை அப்படியே பார்த்துத்தான் பூதக்கண்ணாடி மதிப்பெண் போடுவார். இங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். யாரும் அதைத் தனியாகச் சொல்லக்கூட மாட்டார்கள். கிரேன் ஹாரனை அமுக்கினேன். விடாமல் அமுக்கினேன். கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் ஏதோ விழப்போகிறது என்று தலையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். சூப்பர்வைசர் கீழே நின்று கையை ஆட்டி என்னைத் திட்டினார். அவள் ஒருத்தி மட்டும் காதில் அடைப்பானும் முகத்தில் மாஸ்க்குமாக, ஆனந்தமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்தது போதாதென்று பாலிஷ் வேறு போட்டாள். முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அப்படி மின்னியது குழாய்.

பூதக்கண்ணாடி அதைக் கையில் எடுத்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார். "உங்க வெல்டிங் எங்க?" என்று கேட்டாராம்.

பொடிசு வாயெல்லாம் பல்லாக, "அதான் சார், தெரியாது! எங்க ஒட்டியிருக்குன்னு நீங்களே கண்டுபிடிங்க பாக்கலாம்" என்றாளாம்.

அவர் கெட்ட மனுஷர் இல்லை. மெதுவாகத்தான் சொன்னாராம்: "மேல தேய்ச்சா நான் எதைப் பாக்கறது? தப்பு இருந்து மறைச்சீங்களோன்னுதான் எழுத முடியும்." குழாயைக் கழிவுத் தொட்டியில் போட்டார். அது விழுந்த சத்தம் எனக்கு மேலே கேட்டது. பொடிசு அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் வீட்டில் ருத்ர தாண்டவம் ஆடினேன். "ஏண்டி, உனக்கு என்ன கிறுக்கா? பத்தவெச்சோமா, வெச்சுட்டு வந்தோமான்னு இல்லாம, அந்த மிஷினை ஏன் தொட்டே?"

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "பட்டறையில நான் பத்தவெப்பேன்க்கா, அவர் பின்னாலயே வந்து தேய்ப்பாரு. கல்யாணமான நாள்லேருந்து அப்படித்தான். ஒட்டு தெரிஞ்சா வாங்கறவங்க முகம் சுளிப்பாங்க. தேய்க்காம ஒரு வேலையை நாங்க கீழ வெச்சதே இல்ல. இங்க அவர் இல்லையே. அதான் அவர் வேலையையும் சேர்த்து நானே செஞ்சேன்."

எனக்கு வந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அவள் தொடர்ந்தாள்: "எது வேணா சொல்லட்டும்க்கா. நான் மறைச்சேன்னு சொல்லிட்டாரே. அதுதான் தாங்க முடியல." அதைச் சொல்லும்போதுதான் அழுதாள். அடுத்த அறையிலிருந்து எங்கள் வீட்டுக்காரர் வந்து ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துவிட்டு, வந்த மாதிரியே போனார்.

மறுநாள் சூப்பர்வைசர் அவள் பெயரை ஹெல்பர் பக்கம் மாற்றப் போகிறார் என்று காதில் விழுந்ததும் கூண்டிலிருந்து இறங்கினேன். கேட்டால் இன்னொரு முறை பரீட்சை தரலாம் என்று விதியிலேயே இருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும். "அவளுக்கு இன்னொரு தடவை வைங்க" என்றேன்.

"உங்க வேலை மேலதானே? கீழ எதுக்கு வந்தீங்க?" என்றார்.

"மேல இருக்கறதாலதான் சார் எல்லாம் தெரியுது. உங்க கொட்டகையில அவளை மாதிரி பத்தவெக்கற ஆள் ஒருத்தரைக் காட்டுங்க, நான் வாயைப் பொத்திக்கிட்டு ஏறிப் போயிடறேன்."

காட்டவில்லை. பொடிசு கையெழுத்துப் போட்டு மறுபரீட்சை கேட்டாள், தேதி கிடைத்தது. அதுதான் கடைசி வாய்ப்பு.

அதற்குப் பிறகு தினமும் வேலை முடிந்ததும் கழிவுக் குழாய்களை வைத்துப் பழகினாள். பற்றவைப்பதில் அவளுக்குப் பழக ஒன்றுமில்லை. தொடாமல் இருக்கத்தான் பழக வேண்டியிருந்தது. முடித்த கையோடு அந்தக் கை தானாக மிஷினைத் தேடிப் போகும். நான் பக்கத்தில் நின்று கையிலேயே ஒன்று போடுவேன். "ஸ்ஸ்" என்று இழுத்துக்கொள்வாள். அடுத்த குழாய் முடிந்ததும் மறுபடி போகும். "அரிக்குதுக்கா. தலை வாராம வெளிய கிளம்பற மாதிரி இருக்கு" என்பாள். எனக்கே பயம் வந்துவிட்டது. பரீட்சையில் பக்கத்தில் நின்று அடிக்க என்னை விடுவார்களா?

புருஷனிடம் இந்தச் சங்கதியைச் சொல்லவே மாட்டேன் என்று இருந்தாள். நான் விடவில்லை, போனைப் பிடுங்கி நானே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அவகிட்ட குடுங்கக்கா" என்றார். நான் ஸ்பீக்கரைப் போட்டேன், ஒட்டுக்கேட்கிற பாவமாவது வராதே.

"ஏம்மா," என்றார் அவர், "பத்தவெக்கறது யாரு வேலை?"

"என் வேலை."

"தேய்க்கறது?"

"உங்க வேலை."

"என் வேலையில நீ ஏன் கை வெக்கறே? நான் என்னைக்காவது உன் வெல்டிங் ஹோல்டரைத் தொட்டிருக்கேனா? நீ முடிச்சியா, மிஷினை அப்படியே எனக்கு விட்டு வை. நான் வந்து பாத்துக்கறேன்."

பொடிசு வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனை நாள் கழித்துக் கேட்ட சிரிப்பு! நான் அடித்த அடிகள் சாதிக்காததை அந்த மனுஷர் நாலு வார்த்தையில் சாதித்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மறுபரீட்சையன்று நான் ஹாரன் பக்கமே போகவில்லை. கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதே சாய்வுக் குழாய், அதே முழங்கால், அதே கை. முடித்தாள். எழுந்தாள். கை கிரைண்டிங் மிஷினை நோக்கிப் போயிற்று. என் உயிர் என்னிடம் இல்லை. அவள் அந்த மிஷினைத் தொட்டாள், மேஜையின் அந்த ஓரத்துக்கு, ஆள் ஒருத்தர் அங்கே நிற்கிற மாதிரி, மெல்ல நகர்த்தி வைத்தாள். பிறகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள்.

பூதக்கண்ணாடி லென்ஸைக் கண்ணில் வைத்தார். குழாயைச் சுற்றிச் சுற்றி வந்தார். விளக்கை அடித்துப் பார்த்தார். சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் பார்த்தார்கள். பக்கத்து மேஜை வெல்டர்களும் மெல்ல வந்து எட்டிப் பார்த்தார்கள். கீழே என்ன பேசுகிறார்கள் என்று கேட்காமல் நான் கூண்டுக்குள் தவித்துக்கொண்டிருந்தேன். பிறகு பொடிசு சொல்லித்தான் தெரியும். பூதக்கண்ணாடி அவளிடம், "இவ்வளவு நல்லா வரும்னா அன்னைக்கு ஏன் தேய்ச்சீங்க?" என்று கேட்டிருக்கிறார். பொடிசு, "அது என் வீட்டுக்காரர் வேலை சார், தெரியாம செஞ்சுட்டேன்" என்றிருக்கிறாள். அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. குழாயை அறுத்தும் வளைத்தும் பார்த்தார்கள், ஒரு கீறல் விடவில்லை. அவளுக்கென்று ஓர் எண் போட்ட முத்திரை கொடுத்தார்கள். அவள் பற்றவைக்கிற ஒவ்வொரு தொட்டியிலும் அந்த வரிக்குப் பக்கத்தில் அந்த எண் விழும். அன்றைக்கு நான் கிரேனை ஓட்டின ஓட்டம் இருக்கிறதே, தேரோட்டமே தோற்றுப்போகும்.

குழாயை அறுக்கும் முன்னால் எடுத்த படத்தை ஊருக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது. தேறினாயா என்று அவர் கேட்கவில்லை. "இத்தனை வருஷமா இதையா நான் தேய்ச்சுத் தள்ளிக்கிட்டிருந்தேன்?" என்றார். குரல் உடைந்திருந்தது. இவளும் விம்மிக்கொண்டு நின்றாள். சரிதான் என்று நான் போனை வாங்கி, "அழுததெல்லாம் போதும் தம்பி, பொட்டியைக் கட்டுங்க. உங்க பொண்டாட்டி கூப்பிடறா" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

கம்பெனி அவளை வெல்டர் தரத்தில் உறுதி செய்தது, புருஷனுக்கும் மகளுக்கும் விசாவும் வந்தது. அவர் கிளம்புகிறார் என்றதும் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "பொண்டாட்டி விசாவுல போறியாமே?" என்று ஒருவர் கல்யாண வீட்டில் எல்லோருக்கும் முன்னால் கேட்டாராம். "ஆமாண்ணே. உங்களைக் கூப்பிட யாராவது இருந்தா நீங்களும் வாங்க" என்றாராம் இவர். அதைக் கேட்டதிலிருந்து அந்தத் தம்பியின் மேல் எனக்குத் தனி மரியாதை. விமான நிலையத்து அதிகாரி, "வேலைக்கு வர்றீங்களா?" என்று கேட்டபோதும் நிமிர்ந்து நின்று, "இல்லைங்க, என் சம்சாரம் இங்க வெல்டர். அவங்க வரச் சொன்னாங்க, வந்துட்டோம்" என்று சொல்லியிருக்கிறார்.

குழந்தை விமான நிலையத்தில் அழவுமில்லை, ஓடிவந்து கட்டிக்கொள்ளவுமில்லை. அப்பாவின் காலுக்குப் பின்னாலிருந்து அம்மாவை ஏற இறங்கப் பார்த்தது. பொடிசு அவசரப்படுத்தவில்லை. வீட்டில் இரண்டு நாள் ஓட்டம், விளையாட்டு, குளிப்பாட்டல் என்று போனதில் ஒருவழியாக ஒட்டிக்கொண்டது. அவள் பின்னாலேயே அறைக்கு அறை நடந்தது.

விடுமுறை முடிந்த அன்று காலையில் பொடிசு வாசலில் குனிந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை எழுந்து வந்து பார்த்தது.

"எங்கேம்மா போறே?"

"வேலைக்குடா கண்ணு. போயிட்டு வந்துடறேன்."

அவ்வளவுதான். குழந்தை போட்டது பாருங்கள் ஒரு அலறல்! காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டது. பொம்மை காட்டினோம், மிட்டாய் காட்டினோம், ஒன்றும் பலிக்கவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தத் தம்பிதான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "ஊர்ல கிளம்பினப்பவும் இவ இதையேதான்கா சொல்லிட்டு வந்தா. வேலைக்குப் போயிட்டு வந்துடறேன்னு." குழந்தைக்கு வேலைக்குப் போவது என்றால் திரும்பி வராமல் போவது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டுதான் பொடிசு கிளம்ப முடிந்தது.

வேலை முடிந்து சங்கு ஊதியதும் கூட்டத்தோடு வெளியே வந்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் அப்பாவும் மகளும் நின்றார்கள். வெளியே வருகிற ஒவ்வொரு முகமாகக் குழந்தை பார்த்துக்கொண்டே இருந்தது. எல்லோரும் உயரமான ஆட்கள், நடுவில் எங்கள் பொடிசு எங்கே தெரிவாள்? கூட்டம் விலகியது. அவள் தெரிந்தாள்.

குழந்தை அவளிடம் ஓடவில்லை. அப்பாவின் கையை இழுத்து இழுத்து, போகிறவர் வருகிறவர் அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்தியது: "அப்பா! அம்மா வேலைக்குப் போயிட்டு வந்துட்டாங்க! இங்க பாருங்க, எங்கம்மா திரும்பி வந்துட்டாங்க!"

பொடிசு தலைக்கவசத்தைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு வேலிக் கதவைத் தாண்டி ஓடினாள். வேலிக்கருகே மண்டியிட்டுக் குழந்தையை அள்ளிக்கொண்டாள்.

"வந்துட்டேன்டி தங்கம்," என்றாள். "இனிமே தெனமும் வந்துடுவேன்."